சத்தம் போடாத சப்பாத்து

ஒரு ஜோடிச் சப்பாத்தை வைத்துக்கொண்டு ஒரு தேயிலைத் தோட்டத்தையே மூன்று மாதம் நிறுத்திப்போட்ட பெருமை இந்த உலகத்தில் கேமரன் மலைக்கு மட்டும்தான் உண்டு. மண் சரிந்து பாதை அடைபட்டபோதுகூட நிற்காத தோட்டம் அது. அர்ஜுனன் காலில் அந்தச் சப்பாத்து ஏறியதும் நின்றது. கொழுந்து எடுக்க ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் தென்னை உயரத்துக்கு வளர்ந்து, உச்சியில் குரங்குகள் குடியேறின.

சரி, இதில் முக்கால்வாசி மிகை. தோட்டம் நிற்கவில்லை. ஏழாம் நம்பர் மலையில் இருபத்திரண்டு பெண்கள் கொஞ்ச நாள் வழக்கத்தைவிடக் குறைவாகக் கொழுந்து எடுத்தார்கள், அவ்வளவுதான். குரங்கும் பொய். ஆனால் சப்பாத்து உண்மை. அதைப்போல ஒரு உதவாக்கரைச் சாமான் அந்த மலைக்கு அதற்குமுன் ஏறி வந்ததில்லை என்பதும் உண்மை.

அர்ஜுனன் அந்தத் தோட்டத்து லயத்திலேயே, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றில், பிறந்தவன். பதினேழு வயதில், எழுபத்து நான்காம் ஆண்டு, கவ்வாத்துக் கூட்டத்தில் சேர்ந்தான். கவ்வாத்து என்றால் முற்றிப்போன தேயிலைச் செடிகளைக் கத்தியால் இடுப்பளவுக்கு வெட்டி மட்டம் செய்கிற வேலை. முழுக்க ஆண்கள். பேச்சும் ஆண்கள் பேச்சு, நடையும் ஆண்கள் நடை. பத்து வருடம் அவன் முழங்கால்வரை ஏறும் கறுப்பு ரப்பர் பூட்சுக்குள் காலை வைத்திருந்தான். சாயங்காலம் அதைக் கழற்றும்போது கால் வெந்த முட்டைக்கோசு மாதிரி வெளியே வரும். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குத் தன் கால்மேல் இரக்கம் பிறந்தது. தன் கால்மேல் தானே இரக்கப்படுகிற ஆண்பிள்ளை எங்கே போய் நிற்பான் என்று யாராவது அப்போதே அவனை எச்சரித்திருக்கலாம். யாரும் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தானா ராத்தாவுக்குப் போவான். அங்கே சீனப் பள்ளிக்கூடத்துத் திடலில் கூடைப்பந்து நடக்கும். கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். பந்து எந்தப் பக்கத்துக் கூடையில் விழுந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. பார்த்ததெல்லாம் கால்களை. கணுக்காலை மூடி மேலே ஏறும் சப்பாத்துப் போட்டவர்கள் வேர்க்க வேர்க்க ஓடினார்கள். கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் குட்டைச் சப்பாத்துப் போட்ட ஒருவன், காய்கறி லோரிக்காரரின் மகன், சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி வைத்துச் சூடான சோயாப்பால் குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளைத் தோல், பக்கவாட்டில் வளைந்த நீலக் கோடு, மேலே ஒரு விரற்கடை காலுறை. அர்ஜுனனுக்கு ஓடுகிறவர்கள் பிடிக்கவில்லை. சாய்ந்து நின்றவனைப் பிடித்துவிட்டது.

எண்பத்து நான்கில் அவனுக்குக் காலம் திரும்பியது. ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்களை மேற்பார்வை பார்த்துவந்த மண்டோர் பக்கிரிசாமி ஓய்வுபெற்று, லெம்பா பெர்த்தாமில் மகனுடைய காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். அர்ஜுனனின் கையெழுத்து அழகாக இருக்கும் என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சிவசாமி சொல்ல, மேனேஜர் அவனை மூன்று மாதத் தவணையில் மண்டோராக வைத்தார். மூன்று மாதம் முடியும்போது பெண்கள் எடுத்த கொழுந்தின் எடையும் கிராணியின் நல்ல வார்த்தையும் சேர்ந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடியும் கவ்வாத்துக் கத்தி, மறுபடியும் ரப்பர் பூட்சு, வெந்த முட்டைக்கோசு. அவன் பயந்தது இதற்குத்தான்.

மண்டோர் ஆனவன் முதல் வேலையாக என்ன செய்வான்? மலையின் பாதைகளைப் படிப்பான். யார் வேகமாக எடுப்பாள், யாருக்கு இடுப்பு வலி என்று கேட்டுவைப்பான். அர்ஜுனன் ஈப்போவுக்குப் பஸ் ஏறினான். தாப்பாவரை வளைவு வளைவாக இறங்கி, வழக்கப்படி இரண்டுமுறை வாந்தி எடுத்து, வெளுத்த முகத்தோடு ஒரு சப்பாத்துக் கடைக்குள் நுழைந்தான்.

கடைக்காரச் சீனர் அவன் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தார். அவன் கைகாட்டிய பெட்டியை எடுத்துத் திறந்தார். கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்காகச் செய்தது, போட்டால் சுகம், உள்ளே மெத்தை இருக்கிறது என்றார். பந்து ஆடுவாயா என்று கேட்டார். இல்லை என்றான்.

"லாகி பாகுஸ்," என்றார் அவர். இன்னும் நல்லது. "அப்போ ரொம்ப நாளைக்கு உழைக்கும்."

அர்ஜுனன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். விலையை அவன் சாகும்வரை யாரிடமும் சொல்லப் போவதில்லை.

அந்தச் சப்பாத்தின் சிறப்புகளை அவனே சொல்லக் கேட்கவேண்டும். கணுக்கால் திறந்திருப்பதால் கால் எந்தப் பக்கமும் தடையில்லாமல் திரும்புமாம். சரிந்த மலையில் எந்தப் பக்கமும் தடையில்லாமல் திரும்புகிற கால் அப்படியே சுளுக்கிக்கொள்ளும் என்பதை அவன் இரண்டாம் நாளே கண்டுபிடித்தான்; வெளியில் சொல்லவில்லை. விரல் பக்கத்தில் காற்றுப் போக ஓட்டைகள் இருந்தன. கேமரன் மலையில், வருடத்தில் பாதி நாள் மழையும் மீதி நாள் சாரலுமாக இருக்கிற இடத்தில், காசு கொடுத்து ஓட்டை போட்ட சப்பாத்து வாங்கினவன் அவன் ஒருவன்தான். அடியில் வட்ட வட்டமாகக் கோடு போட்ட மெத்தென்ற ரப்பர். மெழுகு பூசின பலகைத் தரைக்குச் செய்தது. செம்மண்ணில் அந்த வட்டங்கள் ஒரு நிமிடத்தில் அடைந்துபோய், அதன்பிறகு அவன் நடக்கவில்லை, வழுக்கினான்.

ஆனாலும் லயத்துக் குழாயடியில் எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரமாகப் பார்த்துவந்து, காலை முன்னே நீட்டி நின்றான்.

"மேகத்து மேல நடக்கற மாதிரி இருக்குது லா."

கொழுந்தெடுக்கும் கூட்டத்தில் முன்னணியில் நிற்பவள் காளியம்மா. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே திரும்பினாள்.

"நாங்க தெனம் காலைல ஆறு மணிக்கு மேகத்துக்குள்ளதான்டா தம்பி நடக்கறோம். யாரும் சப்பாத்து கேக்கல."

"ஒங்களுக்கு இதெல்லாம் வெளங்காதுக்கா. இது ஸ்டைலு."

"வெளங்காமதான் கேக்கறேன். பந்து எங்க?"

"பந்து எதுக்கு?"

"சட்டியில்லாம மூடி மட்டும் வாங்கியாந்திருக்கியே, அதான் கேட்டேன்."

குழாயடியே சிரித்தது. அவன் சட்டை செய்யவில்லை. எல்லாவற்றுக்கும் அதையே போட்டான். காற்சட்டைக்கும் அது, கைலிக்கும் அது. கைலி கட்டிய கால் இரண்டும் கீழே வெள்ளையாக முடிவதைப் பார்த்தால், சுண்ணாம்பு வாளியில் இறங்கி ஏறினவன் போல இருக்கும். பிரிஞ்சாங் கடைத்தெருவில் தன் நிழலைவிடத் தன் சப்பாத்தை அதிகம் பார்த்துக்கொண்டு நடந்து, தந்திக்கம்பத்தில் இடித்துக்கொண்டான். மாரியம்மன் கோயில் திருவிழாவில் செருப்புக் குவியலில் அதைக் கழற்றிப்போட மனம் வராமல், தீபாராதனை முடியும்வரை வாசலிலேயே நின்று, எக்கி எக்கி அம்மனைக் கும்பிட்டான். அம்மனும் அவனை எக்கித்தான் பார்த்திருப்பாள்.

இதெல்லாம் வெறும் பைத்தியக்காரத்தனம், யாருக்கும் நட்டமில்லை. நட்டம் மலையில் ஆரம்பித்தது.

கொழுந்து மலையில் ஒரு சட்டம் உண்டு. எந்தத் துரையும் எழுதிவைக்காத சட்டம். மலையில் கக்கூஸ் கிடையாது. காலை ஆறு மணிக்குப் போன பெண், கொழுந்து நிறுக்கும் நேரம்வரை அங்கேதான் நிற்கவேண்டும். அவசரம் என்றால் நாலு வரிசை தள்ளிச் செடி மறைவுதான். மழையில் நனைந்த சேலையை அவிழ்த்துப் பிழிந்து கட்டவேண்டுமென்றாலும் அதே மறைவு. ஆகவே ஓர் ஆண் அந்த மலைக்குள் சத்தம் கொடுக்காமல் நுழையக்கூடாது. பக்கிரிசாமி இருபது வருடம் அந்தச் சட்டத்தைக் காத்தார். அவருடைய பூட்சில் இரும்பு லாடம் அடித்திருக்கும். பாதை திரும்பும் இடத்திலேயே டக் டக்கென்று கேட்கும். அங்கே நின்று கைத்தடியால் தண்ணீர்க் குழாயை இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு ஒரு இருமல். மலையின் அடுத்த பக்கம்வரை கேட்கிற இருமல். அது நெஞ்சுச் சளியில்லை, நாகரிகம்.

அர்ஜுனன் அதை நெஞ்சுச் சளி என்றே நினைத்திருந்தான். கவ்வாத்துக் கூட்டத்தில் பத்து வருடம் ஆண்களோடு இருந்தவன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. ஒரு பெண் ஓர் ஆணிடம் போய், எங்களுக்கு ஒதுங்குகிற நேரம் உண்டு, நீ சத்தம் போட்டு வா என்று வாயால் எப்படிச் சொல்வாள்? தானாகத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாதவன் அந்த மலைக்கு லாயக்கில்லாதவன்.

முதல் நாள் காலை. முன்னால் நீட்டின கை தெரியாத பனிமூட்டம். அர்ஜுனன் மெத்தென்ற சப்பாத்தில் பூனைமாதிரி வந்தான். சேறு படாமல் இருக்கக் குனிந்து ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தான். மூன்றாவது வரிசை திரும்பினான். இரண்டு முழம் தள்ளி அலறல் கேட்டது. அம்சவல்லி. கல்யாணமாகி ஒரு மாதமான பெண். சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடினாள்.

அவன் ஒன்றும் பார்க்கவில்லை. இதைச் சத்தியம் செய்தே சொல்லலாம். அவன் கண் முழுக்கத் தன் சப்பாத்தின்மேல் இருந்தது.

"என்னாச்சி? பாம்பா?" என்று கத்தினான்.

பதிலுக்கு அக்கம்பக்கத்து வரிசைப் பெண்கள் நிமிர்ந்து அவனைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து கொழுந்து எடுத்தார்கள். அவர்கள் தன் சப்பாத்தைக் கண்டு வாயடைத்துப் போனதாக அவன் நினைத்துக்கொண்டான். இவ்வளவு பெரிய முட்டாளை ஆண்டவன் ஒரே ஆளாகப் படைத்துவிட்டு மறுநாள் ஓய்வெடுத்திருக்கவேண்டும்.

மறுநாளும் அப்படித்தான் வந்தான். அதற்கு மறுநாளும். காளியம்மா ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"மண்டோரே, பக்கிரிசாமி அண்ணன் எம்மாம் நல்லா இருமுவாரு தெரியுமா?"

"ஆமா, பாவம். அவருக்கு வயசாயிடிச்சி."

"நீயும் கொஞ்சம் இருமலாம்ல?"

அவன் முகம் சிவந்துபோனது. தனக்கு நெஞ்சில் நோய் இருப்பதாக இந்தப் பெண்பிள்ளை கிளப்பிவிடப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். அன்று சாயங்காலமே தோட்டத்து மருந்தகத்துக்குப் போய், சட்டையைக் கழற்றி, மூச்சை இழுத்து விட்டு, நெஞ்சு சுத்தம் என்று ஒரு சீட்டு எழுதி வாங்கினான். மறுநாள் அந்தச் சீட்டைக் காளியம்மா முகத்துக்கு நேரே நீட்டினான்.

"பாத்துக்க. ஒரு சொட்டு சளி இல்ல."

காளியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவள் அந்தச் சீட்டை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "சந்தோசம் மண்டோரே. ஒன் நெஞ்சு நல்லா இருக்கு. மூளைக்கும் ஒரு சீட்டு வாங்கியாந்திடு," என்றாள்.

வேறு வழியில்லாமல் பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வொரு மணி நேரமும் இரண்டு பேர் கூடையை இறக்கிவைத்துவிட்டு மேட்டில் நின்று பாதையைப் பார்த்தார்கள். வெள்ளையாக இரண்டு பொட்டுத் தெரிந்தால் கூவினார்கள். கூவின சத்தத்தில் மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். இப்படி நாளைக்கு எத்தனைமுறை! கூடை நிரம்பவில்லை. பக்கிரிசாமி காலத்தில் வழிந்து நின்ற தராசு இப்போது பாதியில் ஆடியது.

ஒவ்வொருமுறை கூவல் கேட்டபோதும் அர்ஜுனன் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கி, காலை நன்றாகத் தெரியும்படி வைத்து நடந்தான்.

மூன்றாவது மாதம் பிறந்தபோது கிராணி சிவசாமி அவனைக் கூப்பிட்டார்.

"எடை எறங்கிக்கிட்டே போவுது. இந்த மாசக் கடைசில தொரை கேப்பாரு. நான் என்னா சொல்ல?"

"பொம்பளைங்க வேலை செய்யாம என்னையே பாத்துக்கிட்டு நிக்கறாங்க, அய்யா. நான் என்னா செய்ய?"

சிவசாமி அவனை மேலிருந்து கீழேவரை பார்த்தார். கீழே வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏறவைக்கணும். இல்லாட்டி கத்திதான்."

மறுநாள் விடுமுறை. லெம்பா பெர்த்தாமுக்குப் போகிற காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு பக்கிரிசாமியைத் தேடிப் போனான். அவர் பீன்ஸ் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். வெறுங்கால்.

"அண்ணே, அவங்கள எப்படிண்ணே வேலை வாங்குனீங்க? இருவது வருசம் எடை கொறையலையாமே?"

"என்னத்த வாங்குனேன்? நடந்தேன். அவங்க எடுத்தாங்க. அவ்வளவுதான்."

"வேற ஒண்ணும் செய்யலியா?"

பக்கிரிசாமி கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு அவன் காலைப் பார்த்தார்.

"இதுல நடக்கறது ஒனக்காச்சும் கேக்குதா?"

"கேக்கவே கேக்காதுண்ணே!" அர்ஜுனனின் முகம் மலர்ந்தது. "அம்மாம் மெத்து. போட்டுப் பாக்கறீங்களா?"

கிழவர் காறித் துப்பினார். சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. பிறகு அடுத்த கம்பை எடுக்கப் போய்விட்டார். அவரும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மரியாதை போய்விடும் என்று நினைக்கிற தலைமுறை. அந்த மரியாதையை வைத்து இரண்டு பீன்ஸ்கூட அவிக்க முடியாது.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பெண்கள் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுக் கும்பலாகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனார்கள். இந்த மண்டோர் வேண்டாம் என்று சொல்லப் போனார்கள். அர்ஜுனனையும் கூப்பிட்டுவிட்டார் மேனேஜர். ஆபீசில் மெழுகு பூசின பலகைத் தரை. அந்தச் சப்பாத்து பிறந்த நாளிலிருந்து எந்தத் தரைக்காக ஏங்கியதோ அதே தரை. ஆனால் உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். அர்ஜுனன் கழற்றி, இரண்டையும் ஒட்டவைத்து, தூசி ஊதிவிட்டு உள்ளே போனான். பெண்களில் காளியம்மாவும் அம்சவல்லியும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள்.

மேனேஜர் கோலாலம்பூரில் படித்த உள்ளூர்க்காரர். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் துரைதான். பெண்கள் தமிழில் சொன்னதைக் கிராணி சிவசாமி அவருக்கு மொழிபெயர்த்தார்.

"குடிச்சிட்டு வர்றானா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்ல தொரை."

"கெட்ட வார்த்தை பேசுறானா? கை நீட்டுறானா?"

"அய்யோ, அதெல்லாம் இல்ல. அவன் பாவம்," என்றாள் காளியம்மா.

"அப்புறம் என்ன குறை?"

காளியம்மா அம்சவல்லியைப் பார்த்தாள். அம்சவல்லி தரையைப் பார்த்தாள்.

"அவன் சப்பாத்து, தொரை."

மேனேஜர் எழுந்து வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். வெள்ளையாக, அழகாக, ஒட்டிக்கொண்டு நின்றது. அவருடைய வீட்டிலும் அதேபோல ஒன்று இருந்தது. சாயங்காலம் உலாவப் போவதற்கு.

"நல்ல சப்பாத்தாச்சே!"

"சத்தமே இல்ல தொரை. வர்றது தெரியல."

"அதுதானே வேணும்?" மேனேஜர் திரும்பிவந்து மேசையைத் தட்டிச் சிரித்தார். "மேற்பார்வை பாக்கறவன் வர்றது தெரியக்கூடாது. அப்பத்தான் வேலை ஒழுங்கா நடக்கும்." அர்ஜுனனின் தோளிலும் ஒரு தட்டுத் தட்டினார். "பாகுஸ்."

அர்ஜுனன் ஒரு அங்குலம் உயர்ந்தான். சப்பாத்தே இல்லாமல்.

காளியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரி தொரை. அப்போ நீங்களும் நாளைக்கு இதே மாதிரி போட்டுக்கிட்டு ஏழாம் நம்பருக்கு வாங்க. ரெண்டு பேருமா பூனை மாதிரி வாங்க. எந்தச் செடிக்குப் பின்னால எவ ஒதுங்கியிருக்கான்னு யாரு மொதல்ல பாக்கறீங்கன்னு பாக்கலாம்."

கிராணி சிவசாமி மொழிபெயர்ப்பதற்கு வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அம்சவல்லி முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அர்ஜுனன் அப்படியே நின்றான். அவன் மண்டைக்குள் மூன்று மாதம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றது. முதல் நாள் அலறல். மேட்டில் நின்ற இரண்டு பெண்கள். இருமல். அவன் நீட்டின சீட்டு. கிழவர் துப்பின எச்சில். அவர்கள் ஒருநாள்கூட அவன் சப்பாத்தைப் பார்க்கவில்லை. தங்கள் மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்வை அவன் கழுத்தில் வழிந்தது. அந்தக் குளிரில்.

"என்ன சொன்னாள்?" என்றார் மேனேஜர்.

"பொம்பளைங்க விசயம், துவான்," என்றார் சிவசாமி.

மேனேஜருக்கும் அது அரைகுறையாகப் புரிந்திருக்கவேண்டும். காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமைக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், பெண்கள் வேண்டாம் என்றால் இவன் கவ்வாத்துக்குத் திரும்பட்டும் என்று, யார் முகத்தையும் பார்க்காமல் முடித்தார். வீட்டிலிருக்கும் அவருடைய சப்பாத்து அன்றைக்கே பரணுக்குப் போயிருக்கும்.

அர்ஜுனன் வெளியே வந்தான். வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டு, சரளைக்கல் பாதையில் வெறுங்காலோடு இறங்கிப் போனான்.

அப்புறம் நடந்தது அந்த மலை முழுக்கத் தெரிந்த கதை. பொழுது சாய்ந்ததும் திரும்பிவந்து சப்பாத்தை எடுத்தான். நாடாவை முடிச்சுப் போட்டுத் தலைக்குமேல் மூன்று சுற்றுச் சுற்றி ஆற்றில் வீசினான். அது மெத்துச் சப்பாத்தாயிற்றே, முழுகவில்லை. இரண்டு வாத்துகளைப்போல மிதந்து மிதந்து, நான்கு நாள் கழித்துக் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை பனிமூட்டத்துக்குள் ஜல் ஜல்லென்று சத்தம். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கணுக்கால் இரண்டிலும் சலங்கை கட்டிக்கொண்டு, கரகாட்டக்காரன் மாதிரி அர்ஜுனன் வந்துகொண்டிருந்தான்...

"நிறுத்து லா, அக்கா." நான் எழுதினதைப் படித்துக் காட்டக் காட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே இதுவரை கேட்டுக்கொண்டிருந்த காளியம்மாவுக்கு இதற்குமேல் தாங்கவில்லை. "சலங்கையும் இல்ல, வாத்தும் இல்ல. திங்கக்கெழம அவன் மலைக்கே வரல. கவ்வாத்துக் கூட்டத்துல போயி, பழைய பூட்ஸ மாட்டிக்கிட்டு நின்னுட்டான். யாரும் அனுப்பல. அவனா போனான். எங்க மொகத்துல முழிக்க முடியலியாம். நான்தான் போயி கூட்டியாந்தேன். 'டேய், ஒன் கண்ணுல தப்பில்ல, எங்களுக்குத் தெரியும். சத்தம் மட்டும் குடுத்துட்டு வா'ன்னேன். இரும வரலன்னான். அப்போ பாடிக்கிட்டு வான்னேன். பாடவும் வராதுன்னான். 'வராட்டி ரொம்ப நல்லது, ஒரு மைல் தள்ளியே கேக்கும்'னேன். அன்னிலேருந்து பாடிக்கிட்டுதான் வந்தான். கழுதை கெட்டுது போ. எடை ஏறிடிச்சி, வேலையும் நெலைச்சிடிச்சி, இன்னிக்கு வரைக்கும் அவன்தான் மண்டோரு. அதையாச்சும் சரியா எழுது."

"சப்பாத்து?" என்று கேட்டேன்.

"அது எங்கயும் போவல. கிழியற வரைக்கும் அதையேதான் போட்டுக்கிட்டுத் திரிஞ்சான்." காளியம்மா ஒரு பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல விட்டுட்டுப் போனான்ல. எல்லாம் போன அப்புறம் நான் ஒரு வாட்டி உள்ள காலை விட்டுப் பாத்தேன். நீ எழுதியிருக்கற மாதிரி அப்படி ஒண்ணும் கேவலமா இல்ல, அக்கா. நல்லா மெத்துனுதான் இருந்துச்சி."